ஈரலில் இருந்த வெள்ளைப் புள்ளிகள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, ஆய்வகத்தைத் திறக்கும் முன்பே வாசலில் ஒரு தீவனச் சாக்கு காத்திருந்தது. உள்ளே நான்கு முட்டைக்கோழிகள். கொண்டு வந்த பண்ணைக்காரர் முகத்தில் தூக்கமே இல்லை. கூடவே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகனும் வந்திருந்தான்.

"நேத்துப் பொழுதோட தீனி நல்லாத்தானுங்க எடுத்துச்சு டாக்டரம்மா. காத்தால செட்டுக்குள்ள போனா நாலு கெடக்குது."

நாமக்கல் பக்கம் கோழி மருத்துவம் பார்க்கிறவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். மேசையில் போட்டு அறுத்தேன். ஈரல் வீங்கி, பச்சை ஏறிய பித்தளைப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. மண்ணீரல் பெருத்திருந்தது. ஈரல் முழுக்க ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள். கோழி டைஃபாய்டு. சால்மோனெல்லா காலினாரம் என்ற பாக்டீரியாவின் வேலை. உறுதி செய்துகொள்ள ஈரலில் இருந்து கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, எடுத்து வைத்தேன்.

பையன் எட்டி நின்றே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: "மேடம், இந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் கிருமி தின்ன இடங்களா?"

"ஆமாம் தம்பி" என்றேன். பண்ணைக்காரருக்கு மருந்து எழுதவேண்டிய அவசரம். ஆனால் கையுறையைக் கழற்றும்போதே அந்த "ஆமாம்" உறுத்த ஆரம்பித்துவிட்டது. அது சரியான பதில் இல்லை. அந்தப் புள்ளிகள் செத்துப்போன செல்களின் குவியல். அவற்றில் கிருமி கொன்றவை உண்டு. கிருமி உள்ளே நுழைந்ததை உணர்ந்து, தாங்களாகவே செத்தவையும் இருக்கக்கூடும். எது எப்படிச் செத்தது என்று என் கத்தியால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது வகைச் சாவைப் பற்றிக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெளிவந்த விஷயங்கள் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு செல் தானாகச் சாவது என்றால் நாங்கள் கல்லூரியில் படித்தது அபோப்டோசிஸ். 1972-ல் கெர், வில்லி, கரீ என்ற மூவர் வைத்த பெயர். கிரேக்க மொழியில் மரத்திலிருந்து இலை உதிர்வதைச் சொல்லும் சொல். பெயருக்கு ஏற்ற அமைதியான சாவுதான் அது. செல் சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து, அக்கம்பக்கத்துச் செல்களால் விழுங்கப்பட்டுவிடும். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற குட்டிப் புழு வளரும்போது அதன் 1090 உடல் செல்களில் சரியாக 131 செல்கள் இப்படித்தான் உதிர்கின்றன. அந்தப் புழுவை வைத்துச் செய்த வேலைக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு வகைச் சாவு இருப்பது ரொம்ப நாள் யார் கண்ணிலும் படவில்லை என்று சொல்ல முடியாது. பட்டது, பெயர்தான் மாறிப்போனது. 1992-ல் பாரிஸில், ரத்தபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியா, கிருமிகளை விழுங்கும் காவல் செல்களான மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் நுழைந்ததும் அந்தச் செல்கள் சாவதைப் பார்த்தார்கள். அபோப்டோசிஸ் என்றே எழுதினார்கள். மறு வருடமே, புழுவின் செல்களைச் சாகடிக்கும் நொதிக்கு நம் உடலில் ஒரு சொந்தக்காரர் இருப்பது தெரிந்தது. இன்று அதன் பெயர் காஸ்பேஸ்-1. ஆகவே எல்லாம் ஒரே சாவுதான் என்ற எண்ணம் இன்னும் கெட்டியானது. பிராட் குக்சன், மோலி பிரென்னன் இருவரும் சால்மோனெல்லா புகுந்த மேக்ரோஃபேஜ்களை நுணுக்கமாகப் பார்த்துவிட்டு, 'இது இலையுதிர்வு இல்லை' என்றார்கள். இந்தச் செல் சுருங்கவில்லை, வீங்கி வெடிக்கிறது. உள்ளே இருந்த காய்ச்சல் சமிக்ஞைகளை எல்லாம் வெளியே கொட்டுகிறது. 2001-ல் இதற்குப் பைரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். பைரோ என்றால் நெருப்பு. தீப்பற்றிச் சாவது.

சால்மோனெல்லாவோடு தினமும் மல்லுக்கட்டுகிற எனக்கு, அந்தப் பெயரே சால்மோனெல்லாவைப் பார்த்து வைத்ததுதான் என்பதில் ஒரு தனி ஒட்டுதல்.

சரி, செல்லை வெடிக்க வைப்பது எது? அதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவோவின் குழுவும், கலிபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனத்தில் விஷ்வா தீட்சித்தின் குழுவும் ஒரே ஆண்டில் ஒரே புரதத்தில் வந்து நின்றன: காஸ்டெர்மின் டி. அந்தக் குடும்பத்தின் பெயர் அதற்கு முன்பே வைக்கப்பட்டது. இரைப்பையிலும் தோலிலும் காணப்பட்டதால் இரண்டையும் சேர்த்துக் காஸ்டெர்மின். இது இவ்வளவு பெரிய வேலை செய்யும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இந்தப் புரதத்தின் அமைப்பை நான் இப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன். முரட்டுக் காளை ஒன்று, அதற்கு மூக்கணாங்கயிறு. காளை என்பது புரதத்தின் முன்பாதி. செல்லின் உறையில் ஓட்டை போடும் வேலை அதனுடையது. கயிறு பின்பாதி. முன்பாதியை மடக்கிப் பிடித்து வைத்திருக்கும். செல் நலமாக இருக்கும்வரை கயிறு அறுபடாது. கிருமி உள்ளே வந்தது தெரிந்ததும் காஸ்பேஸ்-1 அரிவாளாக வந்து, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு இடத்தில் வெட்டும். கட்டவிழ்ந்த முன்பாதிகள் உறைக்கு ஓடி, சுமார் 33 சேர்ந்து ஒரு வளையமாக நின்று, துளை போட்டுவிடும். துளையின் அகலம் 20 நானோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காய்ச்சலை மூட்டும் இன்டர்லூகின்-1 அதன் வழியே சுலபமாக வெளியேறும் அளவு. கடைசியில் உறை கிழிவது தானாக நடப்பது என்று நினைத்திருந்தார்கள். அதற்கும் நின்ஜே-1 என்று தனியாக ஒரு புரதம் வேலை செய்கிறது என்று 2021-ல் தெரிந்தது. சாவின் கடைசி நிமிடத்துக்குக்கூட ஆள் ஒதுக்கி வைத்திருக்கிறது உடல்.

மனிதர்களுக்கு இந்தக் குடும்பத்தில் ஆறு பேர். ஏ, பி, சி, டி, ஈ, அப்புறம் பெஜ்வாகின். ஈ-யும் பெஜ்வாகினும் முதலில் பரம்பரைக் காது கேளாமையைத் தேடிப் போனவர்களிடம் சிக்கியவை. பெஜ்வாக் என்றால் பாரசீகத்தில் எதிரொலி.

இப்போது கோழிக்கு வருகிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்த பகுதி இதுதான்.

கோழிக்குக் காஸ்டெர்மின் டி கிடையாது. பறவைகள் எதற்குமே கிடையாது. பல்லிக்கும் தவளைக்கும்கூட இல்லை. அது பாலூட்டிகளின் சொத்து. ஆனால் கோழியிடம் காஸ்பேஸ்-1 இருக்கிறது. அரிவாள் இருக்கிறது, அறுக்க வேண்டிய கயிறு எங்கே? முதல்முறை இதைப் படித்தபோது, இத்தனை ஆயிரம் கோழிகளை அறுத்துப் பார்த்த நான் இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லையே என்று தோன்றியது. பதில் 2024-ல் வெளியானது. கோழியில் காஸ்பேஸ்-1 வெட்டுவது காஸ்டெர்மின் ஏ-யை. நமக்கு டி செய்யும் வேலையை அவற்றுக்கு ஏ செய்கிறது. பல பறவைகளிலும் ஊர்வனவற்றிலும், நீர்நில வாழ்வன சிலவற்றிலும் ஏ-யின் அந்த நடு இடத்தில் காஸ்பேஸ்-1 வெட்டுவதற்கான தடம் இருக்கிறது. பாலூட்டிகளின் ஏ-யில் மட்டும் அந்தத் தடம் அழிந்துபோயிற்று.

நடந்தது என்னவென்றால், பாலூட்டிகளின் முன்னோர் வழியில் ஏ-யின் மரபணு இரட்டித்து, ஒரு நகல் டி ஆனது. காஸ்பேஸ்-1 தரும் உத்தரவுக்குக் கீழ்ப்படிவது டி-யின் பொறுப்பாயிற்று. மூத்தவள் ஏ வேறு வேலைக்குப் போய்விட்டாள். நம் உடலில் ஏ பெரும்பாலும் தோலில் இருக்கிறாள். அங்கே அவள் என்ன செய்கிறாள் என்பது 2022-ல் தெரிந்தது. தொண்டையையும் தோலையும் தாக்கி, சிலருக்குச் சதையையே அழுகவிடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ், ஸ்பி-பி என்றொரு வெட்டு நொதியை விடுகிறது. திசுவைக் கரைத்து முன்னேறுவதற்கான அதன் ஆயுதம் அது. அந்த ஆயுதம் தோல் செல்லுக்குள் வந்து ஏ-யை வெட்டுகிறது. வெட்டியதும் துளை விழுகிறது, செல் சாகிறது, அபாயமணி அடிக்கிறது. காவலர் வேறு, தூக்கிலிடுபவர் வேறு என்ற பிரிவே இங்கு இல்லை. திருடன் கயிற்றை அறுத்தால் காளை அவன்மீதே பாயும்படி கட்டி வைத்திருக்கிறாள். இந்தப் புரதம் இல்லாத எலிகளின் தோலில் அந்தக் கிருமி இன்னும் வேகமாகப் பரவுகிறது.

இறகில்லாத, வியர்க்கிற, உராய்கிற தோல் நம்முடையது. ஏ அங்கே காவலுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான்.

மற்ற உறவினர்களையும் யார் அறுக்கிறார்கள் என்று பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பழைய சண்டையின் தழும்பு போல இருக்கிறது. பி-யை அறுப்பது, தொற்று கண்ட செல்களைக் கொல்லும் வெள்ளணுக்கள் விடும் கிரான்சைம்-ஏ என்ற நொதி. ஷிகெல்லா அதற்கும் பதில் வைத்திருக்கிறது: பி-யை அறுபடும் முன்பே குப்பைக்கு அனுப்பும் ஒரு புரதத்தை ஊசிபோல் செல்லுக்குள் செலுத்திவிடும். சுண்டெலிகளுக்குப் பி-யே கிடையாது. ஈ-யைக் காஸ்பேஸ்-3 அறுக்கிறது. அமைதியான இலையுதிர்வை நடத்தும் அதே காஸ்பேஸ்-3. ஒரு செல்லில் ஈ நிறைய இருந்தால், உதிர வேண்டிய இலை பற்றி எரியும். உதிர்வதா எரிவதா என்பது பல நேரங்களில் இந்த ஒரு புரதத்தின் அளவைப் பொறுத்தது. அமைதியான சாவு, வன்முறையான சாவு என்று கல்லூரியில் கோடு போட்டுப் பிரித்துப் படித்தோம். செல்லுக்குள் அப்படி ஒரு கோடு இல்லை.

இன்னும் கீழே இறங்கினால் பவளம். போசிலோபோரா டாமிகோர்னிஸ் என்ற பவளம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. அதிலும் காஸ்டெர்மின் ஈ இருக்கிறது, அதையும் காஸ்பேஸ்-3 வெட்டுகிறது என்று 2020-ல் சீன விஞ்ஞானிகள் காட்டினார்கள். தூத்துக்குடிக் கடலுக்குள் கல்லாகக் கிடக்கும் உயிரும் நாமும் ஒரே அரிவாளை, ஒரே கயிற்றின்மேல் வைத்திருக்கிறோம். ஆனால் பழ ஈக்களிடமும் அந்த நோபல் புழுவிடமும் காஸ்டெர்மினே இல்லை. பரம்பரைச் சொத்தை வழியில் தொலைத்த கிளைகள். ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாக நம்பியிருந்த இரண்டு பிராணிகளிலும் இது இல்லாததால்தானோ என்னவோ, கண்டுபிடிக்க இவ்வளவு காலம் ஆயிற்று.

டிரைக்கோபிளாக்ஸ் என்று ஒரு பிராணி. வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை. சில மில்லிமீட்டர் அகலத்தில் கடலடியில் ஒட்டி ஊரும் தட்டையான படலம். அதன் காஸ்டெர்மினை விழிக்கவைக்க அரிவாளே தேவையில்லை. இரண்டு மூலக்கூறுகள் கந்தகப் பிணைப்பால் ஒன்றையொன்று பூட்டி வைத்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை வேதியியலால் அவிழ்த்தாலே போதும் என்று 2024-ல் ஷாவோவின் குழு காட்டியது.

பூஞ்சைகளில் இன்னொரு விதம். நியூரோஸ்போரா என்ற ரொட்டிப் பூஞ்சையின் இழைகள் வளரும்போது ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். கலக்கும் இருவரும் வேற்று வகையினர் என்றால், ஆர்சிடி-1 என்ற காஸ்டெர்மின் போன்ற புரதம் கலந்த இடத்துச் செல்லைக் கொன்றுவிடும். இந்தப் பக்கத்தில் ஒரு வடிவம், அந்தப் பக்கத்தில் சற்றே மாறிய வடிவம். இரண்டும் சந்தித்தால்தான் துளை. அந்நியனோடு சேர்ந்து அவன் வைரஸும் உள்ளே வந்துவிடக்கூடாது அல்லவா. போடோஸ்போரா என்ற பூஞ்சையில் அரிவாள் உண்டு. ஆனால் அது காஸ்பேஸ் இல்லை, வேறு குடும்பத்து நொதி.

அப்புறம் 2022 ஜனவரி. ஹார்வர்டில் பிலிப் கிரான்சுஷின் குழுவும், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரோட்டெம் சோரெக்கின் குழுவும் சேர்ந்து பாக்டீரியாவிலேயே காஸ்டெர்மின் இருப்பதைச் சொன்னார்கள். அமினோ அமில வரிசையை வைத்துப் பார்த்தால் உறவு தெரிவதே கடினம். படிகமாக்கி, மடிப்பைப் பார்த்தபோதுதான் அதே முகம் தெரிந்தது. கயிறு மட்டும் ரொம்பக் குட்டை, சுமார் இருபது அமினோ அமிலங்கள். மரபணுத் தொடரில் பக்கத்திலேயே வெட்டு நொதியின் மரபணு உட்கார்ந்திருக்கிறது. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ் உள்ளே நுழைந்ததும் நொதி கயிற்றை அறுக்கும், காளை உறையைத் துளைக்கும், பாக்டீரியா சாகும். வைரஸ் பெருகி முடிப்பதற்குள் வீட்டை இடித்துவிடுகிறது. துளையின் வளையத்தில் நம்முடையதைப் போல 33 இல்லை, ஒன்றில் 52 எண்ணியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு செல்தான் அதன் முழு உயிர். அது ஏன் தானே சாகவேண்டும்? இந்தக் கேள்வியில் நான் நிறைய நாள் நின்றேன்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் வந்தபோது நான் கல்லூரி மாணவி. நோய் கண்ட இடத்தைச் சுற்றி எல்லாப் பறவைகளையும் அழிக்கிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, எங்கள் விடுதியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இன்றும் விதி அதுதான். ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் நலமாக இருக்கும் கோழியும் சாகவேண்டும். வெளியே இருக்கும் லட்சக்கணக்கானவை பிழைப்பதற்காக. பாக்டீரியா செய்வதும் அப்படித்தான் என்று முதலில் நினைத்தேன். ஒரு வேறுபாடு அப்புறம்தான் உறைத்தது. கோழி அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, நாம் தேர்ந்தெடுக்கிறோம். பாக்டீரியாவுக்கோ சுற்றியிருப்பவை எல்லாம் அதன் உடன்பிறப்புகள், அதே மரபணுவின் நகல்கள். இது செத்தால் அந்த மரபணு சாகாது, பக்கத்து வீட்டில் வாழும். நம் உடலின் செல்களும் அப்படித்தான். எல்லாம் ஒரே கருமுட்டையின் நகல்கள். ஒரு மேக்ரோஃபேஜ் வெடிக்கும்போது அதற்கு நஷ்டம் எதுவும் இல்லை. அதனிடம் இருந்த எல்லாமே மற்ற கோடிக்கணக்கான செல்களிடமும் இருக்கிறது.

இதற்கு விலை உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று முற்றி, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே மூன்று இரவுகள் உட்கார்ந்திருந்தேன். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. மருந்து கிருமியைக் கொன்ற பிறகும் உடல் எரிந்துகொண்டிருந்தது. காஸ்டெர்மின் டி இல்லாத எலிகள், மற்ற எலிகளைக் கொல்லும் அளவு பாக்டீரியா நச்சைச் செலுத்தியும் பிழைத்தன என்பது 2015-ல் தெரியவந்த செய்தி. குடியை விடச் செய்வதற்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற பழைய மாத்திரை காஸ்டெர்மின் டி-யின் துளையைத் தடுத்து எலிகளைக் காப்பாற்றியது என்பது 2020-ல் வந்தது. அந்த இரவுகளில் இதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபேஜ் வைரஸுக்கு எதிராகப் பாக்டீரியா கட்டிய பொறி, அம்மாவின் ரத்தக் குழாய்களுக்குள் நின்று சண்டை போடுகிறது. அம்மா பிழைத்து வந்தார். இப்போதும் மாலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் கோழிகளைப் பற்றி விசாரிப்பார்.

கல்ச்சர் சனிக்கிழமை வந்தது. சால்மோனெல்லா காலினாரம்தான். பண்ணைக்காரரைக் கூப்பிட்டு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சொன்னேன். செத்ததை உடனே எடுத்துக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு போடுங்கள், எலி நடமாட்டத்தைக் குறையுங்கள் என்றேன். பேசி முடித்துவிட்டு, "தம்பி இருக்கானுங்களா?" என்று கேட்டேன்.

பையன் வந்தான். அன்றைக்கு நான் சொன்னது முழுசாகச் சரியில்லை என்றேன். செல் தானே சாகும் கதையைக் காளை, கயிறு, அரிவாள் என்று ஐந்து நிமிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்ப அந்தப் புள்ளியில எது கிருமி கொன்னது, எது தானாச் செத்ததுன்னு எப்படிங்க மேடம் கண்டுபிடிக்கறது?"

ஈரலை மெல்லிய சீவலாக வெட்டி, அறுபட்ட காஸ்டெர்மின் ஏ-யை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைப் போட்டுச் சாயமேற்றினால் தெரியும், ஆனால் அந்த வசதி என் ஆய்வகத்தில் இல்லை என்றேன். எங்கே இருக்கும் என்று கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த நான்கில் ஒரு கோழியின் ஈரல் துண்டு இன்னும் ஃபார்மலினில் என் மேசைமேல் இருக்கிறது.